கெட்டிக்காரப் பிள்ளை ஏன் அந்தக் காரில் ஏறினான்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 16 வயது, கிரேட் 11. படிப்பில் கெட்டி, வீட்டில் அடக்கம், கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பான். ஒரு சனிக்கிழமை இரவு 19 வயதுப் பையன் ஓட்டிய காரில் நண்பர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து 'டைசிங்' என்ற தெருக் கார்ப் பந்தயத்தை வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறான். வேடிக்கை பார்க்கப் போன காரே கடைசியில் பந்தயத்தில் இறங்கிவிட்டது. தடுப்புச் சுவரில் உரசி நின்றதால் யாருக்கும் பெரிய அடி இல்லை. "அவனுக்குத் தெரியாததா? எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இவன் முட்டாளா, பயமே இல்லாதவனா, இல்லை சேர்க்கை சரியில்லையா? போனைப் பிடுங்கிவிட்டு ஜொகன்னஸ்பர்க்கில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

டர்பன் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அம்மா, உங்கள் மகன் முட்டாள் இல்லை. பயமில்லாதவனும் இல்லை. சேர்க்கை என்று நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை.

இந்த வயதுப் பிள்ளைகள் 'நமக்கு ஒன்றும் ஆகாது' என்று நம்புகிறார்கள் என்பது ரொம்ப நாளாக எல்லோரும் சொல்வது. 1967-ல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் இதைப் பற்றி எழுதினார். உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வு, தன் கதை மற்றவர்களுடையதைப் போல இல்லை என்ற எண்ணம், இந்த இரண்டையும் அவர் பதின்வயதின் அடையாளங்களாகச் சொன்னார். முதலாவது இன்றைக்கும் நிற்கிறது. இரண்டாவதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட 'பயமில்லாத பிள்ளை' என்ற படம்தான் ஆய்வுகளில் நிற்கவில்லை. விபத்து, நோய், சாவு இவையெல்லாம் உனக்கு வர எவ்வளவு வாய்ப்பு என்று பிள்ளைகளிடம் கேட்டால், பலர் உள்ளதைவிடக் கூடுதலாகவே சொல்கிறார்கள். 2006-ல் உளவியலாளர்கள் வலேரி ரெய்னாவும் ஃபிராங்க் ஃபார்லியும் இந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவதால்தான் துணிகிறார்கள் என்ற கருத்து சரியில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது என்றார்கள்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி. "சுறா மீன்களோடு நீந்துவது நல்ல யோசனையா?" இதை ஆய்வுக்கூடத்தில் பெரியவர்களிடமும் பதின்வயதினரிடமும் கேட்டார்கள். இருவருமே 'இல்லை' என்றுதான் சொன்னார்கள். ஆனால் பிள்ளைகள் ஒரு நொடியின் சிறு பகுதி அதிகம் எடுத்துக்கொண்டார்கள். 1952-லிருந்து கடலில் சுறா வலை கட்டி வைத்திருக்கும் டர்பன்காரர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். அதுதான் விஷயம். பெரியவர்கள் இதை யோசிப்பதே இல்லை. 'சுறா, வேண்டாம்' என்று உடம்பே சொல்லிவிடுகிறது. பிள்ளைகளோ எவ்வளவு ஆபத்து, எவ்வளவு சுவாரசியம் என்று எடைபோட்டுப் பார்க்கிறார்கள். ரெய்னாவின் விளக்கம் இதையொட்டியதுதான்: வயதாக ஆக நாம் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு விஷயத்தின் சாரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். ஒரே ஒரு தடவைதான், பத்து நிமிஷம்தான், ஓட்டுபவன் நன்றாக ஓட்டுவான் என்று எடைபோட்டால், அந்த ஒரு தடவைக்குக் கணக்கு பல சமயம் 'போகலாம்' என்றே வரும். அதனால் விபத்துப் புள்ளிவிவரங்களை அவன் முன்னால் அடுக்குவதில் பெரிய பயன் இல்லை. எடைபோட இன்னும் நாலு எண்களைத்தான் கொடுக்கிறீர்கள்.

இப்போது சேர்க்கைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மகன் விஷயத்தில் இதுதான் நடுநாயகம்.

2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பர்க் என்ற இருவர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிகிறது, எந்த நிமிஷமும் சிவப்பு வரலாம், எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறாய் என்பதுதான் ஆட்டம். 13 முதல் 16 வயது, 18 முதல் 22 வயது, 24 வயதுக்கு மேல் என்று மூன்று கூட்டம், மொத்தம் 306 பேர். பாதிப் பேரைத் தனியாக ஆட வைத்தார்கள். மீதிப் பேரை, பக்கத்தில் இரண்டு சகவயதினரை உட்கார வைத்து ஆட வைத்தார்கள். தனியாக ஆடியபோது வயதுக்கு வயது பெரிய வித்தியாசம் இல்லை. ஆட்கள் கூட இருந்தபோது சின்னப் பிள்ளைகளின் துணிச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 18 முதல் 22 வயதினருக்குப் பாதி அளவு கூடியது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

ஆறு வருஷம் கழித்து இதே போன்ற ஆட்டத்தை மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து நடத்தினார்கள். இந்த முறை நண்பர்கள் பக்கத்து அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். யாரும் 'ஓட்டுடா' என்று தூண்டவில்லை. அப்படியும் பதின்வயதினரின் மூளையில் இன்பத்தையும் பரிசையும் எடைபோடும் பகுதி கூடுதலாகத் தூண்டப்பட்டது, அவர்கள் அதிகம் துணிந்தார்கள். பெரியவர்களுக்கு அப்படி நடக்கவில்லை.

இதை நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்: நண்பன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல பிள்ளைகள் நாலு பேர் ஒரு காரில் ஏறினாலே அந்தக் கார் தனியாக ஓடும் காரைவிட ஆபத்தானது. அமெரிக்காவில் 16, 17 வயது ஓட்டுநர்களைப் பற்றிய சாலைக் கணக்கும் இதையே காட்டியது. உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிகள் கூடக் கூட, ஓட்டுபவர் சாகும் அபாயமும் கூடிக்கொண்டே போயிற்று. அதனால்தான் பல நாடுகளில் புதிதாக உரிமம் எடுத்த பிள்ளைகள் சில மாதங்களுக்கு சகவயதினரை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வைத்தார்கள். அது பலனும் தந்தது.

மூளையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நான் சுருக்கமாகவே சொல்கிறேன். பருவமடையும் சமயத்தில் புதுமைக்கும் பரிசுக்கும் துள்ளும் பகுதி வேகமாகச் சூடுபிடிக்கிறது. திட்டமிடும், அடக்கிக்கொள்ளும் முன்மூளை 20-களின் நடு வரை மெதுவாக முதிர்கிறது. 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரை 5000-க்கு மேற்பட்டவர்களைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2018-ல் வந்தது. அதில் இந்தியாவும் கென்யாவும் இருந்தன. கிளர்ச்சியைத் தேடும் ஆசை 19 வயதையொட்டி உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்குவதையும், தன்னடக்கம் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருப்பதையும் கண்டார்கள். ஆக இது அமெரிக்கப் பிள்ளைகளின் செல்லக் கோளாறு மட்டும் இல்லை.

ஆனால் 'மூளை வளரவில்லை, அவ்வளவுதான்' என்று கையைக் கழுவுவதில் எனக்கு உடன்பாடில்லை. அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும்போது 16 வயதுப் பிள்ளை பெரியவரைப் போலவே தர்க்கம் பேசுவான். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவனோடு பேசும்போது உங்களுக்குத் தெரிவது அந்த மகன். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று நொடியில் முடிவெடுக்க வேண்டியவனும் அதே மகன்தான். இரண்டு இடத்திலும் ஒரே அறிவு இருக்கிறது. இரண்டாவது இடத்தில் அதைப் பயன்படுத்தும் வசதி அவனுக்குக் குறைவு.

அந்த மூன்று நொடியில் அவன் எதற்குப் பயந்தான் என்பதையும் பார்க்க வேண்டும். ஒதுக்கப்படுவது இந்த வயதில் உண்மையாகவே அதிகம் வலிக்கிறது. கணினியில் மூன்று பேர் பந்து எறியும் ஒரு எளிய ஆட்டத்தில், இருவர் தங்களுக்குள்ளேயே எறிந்துகொண்டு மூன்றாமவரை விட்டுவிடுவார்கள். பதின்வயதுப் பெண் பிள்ளைகளின் மனநிலை இதில் வயது வந்த பெண்களைவிடக் கூடுதலாக வீழ்ந்ததை லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் பார்த்தார்கள். முகம் தெரியாதவர்கள் ஆடும் பொம்மை ஆட்டத்திலேயே இப்படி என்றால், "வண்டியை நிறுத்துங்கள், நான் இறங்குகிறேன்" என்று சொல்வதற்கு என்ன விலை என்று யோசியுங்கள். அதுவும் சாட்ஸ்வொர்த்தில்! 1960-களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்படி மக்களைக் கொண்டுவந்து நெருக்கி வைத்த ஊர். ஒரே தெருவில் மூன்று தலைமுறை, பள்ளியும் கோயிலும் கிரிக்கெட் மைதானமும் அதே முகங்களோடு. ஒரு நாள் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர் விழுந்தால் அது கல்யாண வீடு வரைக்கும் கூட வரும். உங்கள் மகன் கணக்கில் கார் மோதுவது 'நடக்கலாம்', கேலி 'நிச்சயம் நடக்கும்'. அவன் நிச்சயமானதைத் தவிர்த்தான்.

இதோடு சேர்த்து இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 2012-ல் அக்னியெஷ்கா டிமுலாவும் சகாக்களும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு ஒப்பிட்டார்கள். வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், பிள்ளைகள் பெரியவர்களைவிட எச்சரிக்கையாகவே பந்தயம் கட்டினார்கள். வாய்ப்பு எவ்வளவு என்று மறைத்து வைத்தால்தான் துணிந்தார்கள். தெரியாததைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி அவர்களுக்கு அதிகம். யோசித்துப் பார்த்தால் இது குறையே இல்லை. தெரியாத ஊர், தெரியாத வேலை, தெரியாத மனிதர்கள் இவற்றை நோக்கிக் காலெடுத்து வைக்க இந்தச் சக்தி இல்லாவிட்டால் ஒரு பிள்ளையும் வீட்டை விட்டு வெளியே போகாது. நம் முன்னோரில் 1860-லிருந்து கப்பலேறி நேட்டாலுக்கு வந்தவர்களிலும் இளவயதினர் நிறைய. நான் அவர்களைப் பெருமைப்படுத்த இதைச் சொல்லவில்லை, கொடுமையான ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அவர்கள். ஆனால் தெரியாததை நோக்கி நடக்கும் அந்த இயல்பு நம் பிள்ளைகளிடமும் இருப்பதில் வியப்பில்லை.

இந்த இயல்பைக் காசாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் இன்றைய கவலை. போனில் பந்தயம் கட்டும் ஆட்டங்களைச் சொல்கிறேன். 'ஏவியேட்டர்' போன்றவற்றில் விமானம் ஏற ஏறப் பணம் பெருகும், எந்த நொடி பறந்து மறையும் என்று தெரியாது. சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் ஆடக் கூடாது, ஆனால் அண்ணனின் கணக்கில், நண்பனின் கணக்கில் ஆடும் பள்ளிப் பிள்ளைகளை நானே சந்தித்திருக்கிறேன். மஞ்சள் விளக்கு ஆட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே பாடம் கற்க ஆய்வாளர், இங்கே கல்லாப்பெட்டிக்காரர். காணொளி விஷயமும் இப்படித்தான். கலிபோர்னியாவில் 2016-ல் பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராம் பாணியில் படங்களைக் காட்டினார்கள். புகை, மது போன்ற ஆபத்தான படங்களையும் நிறைய 'லைக்' விழுந்திருந்தால் பிள்ளைகள் தாங்களும் விரும்பினார்கள், அந்தப் படங்களைப் பார்க்கும்போது அடக்கிக்கொள்ளும் பகுதிகளின் இயக்கம் குறைந்தது. டைசிங் இரவுகளில் கைகளெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்வையாளர்கள் இப்போது காருக்குள் நாலு பேர் மட்டும் இல்லை.

வாய்ப்பும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் சின்னக் குழந்தைகளும் பதின்வயதினர் அளவுக்குத் துணிகிறார்கள். வெளியில் அவர்களுக்குக் காரும் மதுவும் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். 2022 ஜூனில் நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரில் ஒரு மதுக்கூடத்தில் 21 இளம் உயிர்கள் போயின. அதில் 13 வயதுப் பிள்ளையும் உண்டு. அந்த வயதுப் பிள்ளைக்கு அங்கே கதவைத் திறந்துவிட்டது யார்? 2000 மார்ச்சில் நம் சாட்ஸ்வொர்த்தில் இரவு விடுதியில் கண்ணீர்ப்புகை வெடித்து, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் செய்தது ஆடப் போனது மட்டும்தான். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று பேச ஆரம்பிக்கும் முன் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்வது நியாயம். அந்தத் துயரத்துக்கு அப்புறம்தான் மண்டேலா பெயரில் இளைஞர் மையம் சாட்ஸ்வொர்த்தில் எழுந்தது. பிள்ளைகள் ஒன்றுகூட ஒரு இடம் வேண்டும் என்று அன்றைக்கு ஊர் புரிந்துகொண்டது.

இதுவரை சொன்னது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தும். பொருந்தாத பிள்ளைகளும் உண்டு, அவர்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். ஒன்பது, பத்து வயதிலேயே காத்திருக்க முடியாமல், நினைத்ததை உடனே செய்துவிடும் பிள்ளைகள் பதின்வயதில் கூடுதல் ஆபத்தில் விழுகிறார்கள். இன்னும் சிலர் கிளர்ச்சியைத் தேடிப் போவதே இல்லை, வலியிலிருந்து தப்பித்துப் போகிறார்கள். வீட்டில் அடி, அப்பாவின் குடி, ஒரு சாவு, வெளியே சொல்ல முடியாத ஒரு தொல்லை. 2000-களின் நடுவில் 'சுகர்ஸ்' என்ற மட்டமான ஹெராயின் கலவை சாட்ஸ்வொர்த்தைப் பிடித்தபோது, விளையாட்டாகத் தொட்டவர்களும் இருந்தார்கள், மறக்கத் தொட்டவர்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். முதல் பிள்ளைக்குக் கண்காணிப்பும் வேறு கிளர்ச்சியும் உதவும். இரண்டாவது பிள்ளைக்கு முதலில் அந்த வலியைக் கேட்க ஆள் வேண்டும். உங்கள் மகனிடம் தூக்கம், சாப்பாடு, படிப்பு, பழைய நண்பர்கள் இவற்றில் சில வாரங்களாக மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். 'நான் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன' என்ற தொனியில் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைனின் 116 என்ற எண்ணுக்கு அவனும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.

சரி, இப்போது என்ன செய்வது?

பயமுறுத்திப் பார்க்காதீர்கள். சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் காட்டிப் பிள்ளைகளைத் திருத்தும் திட்டங்களை அமெரிக்காவில் நடத்திப் பார்த்தார்கள். அதில் கலந்துகொண்ட பிள்ளைகள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகவே குற்றத்தில் இறங்கினார்கள் என்பதுதான் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டது.

அதைவிட, அந்த மூன்று நொடியில் எடுக்க வேண்டிய முடிவை முன்கூட்டியே வீட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். அவனோடு உட்கார்ந்து, அவன் வாயாலேயே ஒரு விதி வரட்டும்: உரிமம் எடுத்து ஒரு வருஷம் ஆகாதவன் ஓட்டும் காரில், இரண்டு பேருக்கு மேல் இருந்தால், ஏறுவதில்லை. இதில் எடைபோட ஒன்றும் இல்லை. சுறா கேள்விக்குப் பெரியவர்கள் சொல்லும் பதில் போல அது ஆகிவிட வேண்டும். கூடவே அவனுக்கு மானம் போகாமல் தப்பிக்க ஒரு வழி வேண்டும். வாட்ஸ்அப்பில் அவன் ஒரு எழுத்தை அனுப்பினால், நீங்கள் உடனே போன் போட்டு "ஆயாவுக்கு முடியவில்லை, இப்பவே வா" என்று சத்தமாகத் திட்டுங்கள். பழி உங்கள் மேல் விழட்டும். எந்த நேரமானாலும் போய்க் கூட்டி வாருங்கள், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். மறுநாள் கேட்கலாம்.

நீங்கள் பக்கத்தில் இருப்பதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. ஈவா டெல்சரின் குழு 2015-ல் வெளியிட்ட சோதனையில், ஓட்டும் ஆட்டத்தைத் தாய் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் குறைவாகத் துணிந்தார்கள். துணிவதில் கிடைக்கும் இன்பமே மூளையில் குறைந்து தெரிந்தது. நண்பர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கறியும் ரொட்டியும் செலவாகும், பரவாயில்லை. அந்த 19 வயதுப் பையனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் கண்ணில் பட்டுவிட்டவன் உங்கள் மகனை ஏற்றிக்கொண்டு அப்படி ஓட்டுவது கொஞ்சம் கடினம்.

அப்புறம், அவனுக்குக் கிளர்ச்சி வேண்டும், அதை மறுத்துப் பயனில்லை. பயமும் பெருமையும் கலந்த ஏதாவது ஒன்றில் பெரியவர்கள் கூட இருக்கும்படி அவனை இறக்கிவிடுங்கள். டர்பன் கடற்கரையின் உயிர்காப்பு மன்றங்கள் பதின்வயதினருக்கும் பயிற்சி தருகின்றன. அலைக்குள் போய் ஒரு ஆளை இழுத்து வருவதைவிடப் பெரிய துணிச்சல் டைசிங்கில் இல்லை. மேடைப் பேச்சு, உதைபந்து, முதல் முறையாக உடுக்கை பிடித்துக் கோயிலில் பாடுவது, எல்லாமே அந்த வயதுக்கு நெஞ்சு படபடக்கும் காரியங்கள்தான். கோயில் காரியத்தில் முதல் ஆள் என்று எழுதியிருந்தீர்கள். டர்பனில் அம்கேனி ரோடு கோயிலில் காவடி எடுக்கும் பையன்களைக் கவனித்திருக்கிறீர்களா? நாள்கணக்கில் விரதம், வலி, ஊரே பார்க்கிறது, இரண்டு பக்கமும் மாமாவும் சித்தப்பாவும் நடக்கிறார்கள். கூட்டம், பார்வை, துணிச்சல் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன, ஆனால் யார் கூட நடக்கிறார்கள் என்பது மாறிவிடுகிறது. மொரிஷியஸில் தைப்பூசக் காவடியை ஆராய்ந்தவர்கள், அலகு குத்தி அதிகம் வலி தாங்கியவர்கள் அதற்குப் பின் கோயிலுக்கு அதிகம் கொடுத்ததை 2013-ல் எழுதினார்கள். அலகு குத்தச் சொல்லவில்லை, அதை அவனும் குருக்களும் நீங்களும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். பால்குடமே போதும்.

போனைப் பிடுங்க வேண்டாம். நடு இரவில் அவன் உங்களை அழைக்கக் கையில் இருப்பது அதுதான். இரவு பத்துக்கு மேல் போன் கூடத்தில் இருக்கட்டும், வீட்டில் எல்லோருடைய போனும். பந்தய ஆட்டங்கள் இருக்கின்றனவா என்று அவனையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஜொகன்னஸ்பர்க்குக்கும் அனுப்ப வேண்டாம். அங்கேயும் கார் உண்டு, சனிக்கிழமை உண்டு. புது ஊரில் இடம் பிடிக்க வேண்டிய பையன் இங்கே இருப்பதைவிட அதிகம் துணிந்து காட்ட வேண்டியிருக்கும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இல்லாத வீட்டில். அடுத்த வருஷம் மேட்ரிக், பள்ளியின் கடைசிப் பரீட்சை. அண்ணன் உதவ நினைத்தால் அவரை ஒரு வாரம் இங்கே வரச் சொல்லுங்கள். அவனுக்கு 17 ஆனதும் லேர்னர்ஸ், அதாவது கார் ஓட்டப் பழகும் உரிமம், எடுக்கலாம், அப்போது பக்கத்து சீட்டில் உரிமம் உள்ள ஒரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த ஆள் அவனுடைய மாமாவாக இருக்கட்டும்.